சொவாவேயிலிருந்து தொடங்குவோம்: வெள்ளை ஒயின் கேள்வி பதில்

இத்தாலியின் வெரோனா நகருக்கு நான் வந்து 19 ஆண்டுகள் ஆகின்றன. முதலில் ஓர் உணவகத்தின் சமையற்கட்டில் பாத்திரம் துலக்கினேன். பிறகு அங்கேயே மேசைகளில் பரிமாறினேன். இப்போது 8 ஆண்டுகளாக ஓர் ஒயின் கடையில் வேலை. இத்தாலியின் வெள்ளை ஒயின்களைப் பற்றிக் கேளுங்கள் என்று சென்ற இதழில் எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

அக்கா, நீங்கள் சொவாவே என்ற வெள்ளை ஒயினைப் புகழ்ந்து எழுதியதைப் படித்து ஒரு பாட்டில் வாங்கினேன். தண்ணீர் குடித்ததுபோல் சப்பென்று இருந்தது. "இத்தாலி என்றால் சிவப்பு ஒயின்தான்" என்கிறார் என் கணவர். அவர் சொல்வது சரிதானா? (மிலானிலிருந்து ஒரு வாசகி)

சரியில்லை. ஆனால் அவர்மேல் குற்றமும் இல்லை. நீங்கள் அதை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு ஊற்றியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். உள்ளே 4 டிகிரிக் குளிர். அந்தக் குளிரில் ஒயினிலிருந்து மணம் எழும்பாது, நாக்கும் மரத்துப்போகும். சொவாவேக்கு 10 முதல் 12 டிகிரி வேண்டும். மேசைமேல் அரை மணி நேரம் சும்மா வைத்தாலே அந்த அளவுக்கு வந்துவிடும்.

பரிமாறத் தொடங்கிய முதல் ஆண்டில் நானும் இதே தவற்றைச் செய்தேன். பனிக்கட்டி வாளியில் பாட்டிலைக் கழுத்துவரை அமிழ்த்திக்கொண்டுபோய் வைப்பேன். ஒருநாள் இரவு, சொவாவே மலைச்சரிவில் தோட்டம் வைத்திருக்கும் முதியவர் ஒருவர் சாப்பிட வந்தார். பாட்டிலை வாளியிலிருந்து தானே எடுத்துத் துடைத்து மேசைமேல் வைத்தார். "கால் மணி நேரம் கழித்து வா" என்றார். போனேன். ஒரு கோப்பையில் இரண்டு விரல் அளவு ஊற்றி என்னிடம் நீட்டினார். கோப்பையின் வெளிப்புறம் பூத்திருந்த ஈரம் அப்போதுதான் வடியத் தொடங்கியிருந்தது. முகர்ந்தால் பேரிக்காயைத் தோல் சீவும்போது வரும் மணம். இன்னும் சற்றுக் கழித்து ஏதோ வெள்ளைப் பூவின் வாசம். வாயில் மென்மையாகத்தான் இருந்தது. விழுங்கினேன். அதன்பிறகு, எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்த இடத்தில், பாதாம் பருப்பைத் தோலோடு கடித்ததுபோல மெல்லிய கசப்பு ஒன்று நாக்கின் பின்பக்கத்தில் வந்து நின்றது. "இதற்காகத்தான் காத்திருக்கச் சொன்னேன்" என்றார்.

இத்தாலிய வெள்ளை ஒயினை அறிய எனக்குக் கிடைத்த சாவி அதுதான். இந்த நாட்டின் பல வெள்ளை ஒயின்கள் முதல் மிடறில் அதிகம் பேசுவதில்லை. விழுங்கிய பிறகுதான் பேசுகின்றன. தமிழில் நமக்கு ஆறு சுவைக்கும் ஆறு பெயர்கள் உண்டு. கசப்பையும் துவர்ப்பையும் நாம் குழப்பிக்கொள்வதில்லை. இத்தாலியர்கள் இந்த மெல்லிய கசப்புக்கென்றே 'அமரோஞ்ஞொலோ' என்று ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். சொவாவேயின் சட்ட விதிகளிலேயே அதன் சுவை "லேசாக அமரோஞ்ஞொலோ" என்றுதான் எழுதப்பட்டிருக்கிறது. குறையாக அல்ல, இலக்கணமாக.

அடுத்து, எந்த பாட்டிலை வாங்கினீர்கள் என்பது. சொவாவே வெரோனாவுக்குக் கிழக்கே உள்ள சிற்றூர். அங்கே விளையும் திராட்சையின் பெயர் கர்கானேகா. 1931இல் நல்ல சொவாவே எங்கே விளைகிறது என்று எல்லை குறித்தபோது குன்றுகளை மட்டுமே குறித்தார்கள். 1968இல் டிஓசி என்ற சட்டப்படியான ஊர்ப்பெயர்த் தகுதி வந்தபோது அந்த எல்லை விரிந்து கீழேயுள்ள சமவெளிக்கு இறங்கியது. சமவெளியில் வளமான மண், தாராளமான தண்ணீர். கொடி குலைகுலையாகக் காய்க்கும், பழத்தில் சாரம் இருக்காது. அந்த ஒயின் கடல் கடந்து கணக்கில்லாமல் போயிற்று, சொவாவேயின் பெயரும் அதோடு கெட்டது. மேலே குன்றுகளில், கறுத்த எரிமலைப் பாறை மண்ணில் உழைத்தவர்கள் பட்ட வேதனை கொஞ்சமல்ல. அவர்களில் பியெரோப்பான் குடும்பம் 1971இல் கல்வரீனோ என்ற ஒரே தோட்டத்தின் பழத்தைத் தனியாகப் பிழிந்து, அந்தத் தோட்டத்தின் பெயரையே லேபிளில் போட்டது. அந்த ஒயின் இன்றும் வருகிறது.

ஆகவே அடுத்த முறை லேபிளில் 'சொவாவே கிளாசிக்கோ' என்று இருக்கிறதா என்று பாருங்கள். கிளாசிக்கோ என்றால் பழைய குன்றுப் பகுதி. விலை சற்றுக் கூடும். அரை மணி நேரம் வெளியே வைத்துவிட்டு, உங்கள் கணவருக்கு எதுவும் சொல்லாமல் ஒரு கோப்பை கொடுங்கள்.

லேபிளில் டிஓசி, டிஓசிஜி, ஐஜிடி என்று என்னென்னவோ எழுதியிருக்கிறது. தலை சுற்றுகிறது. (துரினிலிருந்து ஒரு வாசகர்)

இவை தரச் சான்றிதழ்கள் அல்ல, பிறப்புச் சான்றிதழ்கள். இந்த ஊரில், இந்தப் பழத்தில், இந்த முறையில் செய்தது என்பதற்கு மட்டுமே உறுதி. டிஓசி சட்டம் 1963இல் வந்தது. 1966இல் முதன்முதலாக அந்தத் தகுதியைப் பெற்ற ஒயின்களில் ஒன்று வெள்ளை: தொஸ்கானாவின் சான் ஜிமிஞ்ஞானோ ஊரின் வெர்னாச்சா. டிஓசிஜி அதற்கு அடுத்த மேல்படி. பாட்டிலின் கழுத்தில் எண்ணிட்ட சிறு காகிதப் பட்டை ஒட்டியிருக்கும். ஐஜிடி விதிகள் தளர்வானவை. அதில் அற்புதமான ஒயினும் உண்டு, ஒன்றுக்கும் உதவாததும் உண்டு.

இதைவிடப் பயன்படும் ஒன்றைச் சொல்கிறேன். சொவாவே, காவி, லுகானா என்று ஒற்றைப் பெயராக இருந்தால் அது பெரும்பாலும் இடத்தின் பெயர். நடுவில் 'தி' அல்லது 'தெயி' வந்தால் பெரும்பாலும் முன்னால் இருப்பது திராட்சை, பின்னால் இருப்பது ஊர். ஃபியானோ தி அவெல்லினோ, வெர்திக்கியோ தெயி கஸ்தெல்லி தி யேசி, வெர்மென்தீனோ தி கல்லூரா. இந்த ஒரு கணக்கு கைவந்தால் பாதிக் கடையை வாசித்துவிடலாம்.

பினோ கிரிஜோ நல்ல ஒயினா? (ஒரு வாசகி)

நல்லதும் இருக்கிறது. அந்தத் திராட்சையின் தோல் சாம்பலும் இளஞ்சிவப்பும் கலந்த நிறம். முன்பு தோலோடு ஊறவைத்துச் செம்பு நிறத்தில் செய்தார்கள். ரமாத்தோ என்று பெயர். 1961இல் சாந்தா மார்கெரீத்தா நிறுவனம் தோலை உடனே நீக்கி வெளிறிய வெள்ளையாகச் செய்தது. உலகம் அதைப் பிடித்துக்கொண்டது. இன்று பெருமளவில் வருவது அந்தவகைதான். தாகத்துக்கு ஆகும். அதைத் தாண்டி ஏதாவது வேண்டுமென்றால் வடக்கே ஆல்ட்டோ ஆதிஜே மலைகளில் விளைந்ததை வாங்குங்கள், அல்லது வடகிழக்கு மூலையிலுள்ள ஃப்ரியூலியின் ரமாத்தோவைத் தேடிப் பிடியுங்கள்.

வாடகை வீட்டுக்காரர் ஓய்வுபெற்று ஊர் மாறும்போது 2013ஆம் ஆண்டின் வெர்திக்கியோ ஒன்றைப் பரிசாகக் கொடுத்தார். வெள்ளை ஒயினை உடனே குடித்துவிட வேண்டும் என்கிறார்களே, இது கெட்டுப்போயிருக்குமா? (பொலோனியாவிலிருந்து ஒரு வாசகர்)

உங்கள் வீட்டுக்காரர் உங்கள்மேல் மிகுந்த அன்பு வைத்திருக்கிறார்.

வெர்திக்கியோ, அத்ரியாத்திக் கடலோரமுள்ள மார்கே மாநிலத்தின் திராட்சை. 'வெர்தே' என்றால் பச்சை. பழுத்த பிறகும் அதில் பச்சைச் சாயல் மாறாது, ஒயினிலும் அது தெரியும். 1953இல் ஃபாசி பத்தாலியா நிறுவனம் வெர்திக்கியோவுக்கென்று பண்டைய அம்ஃபோரா சாடியின் வடிவில், இடுப்பு ஒடுங்கிய பச்சைப் பாட்டில் ஒன்றை வடிவமைக்கச் செய்தது. அது உலகப் புகழ் பெற்றது. அந்தப் புகழே பிறகு பாரமாயிற்று: கடற்கரை உணவகத்தில் மீனோடு குடிக்கும் எளிய ஒயின் என்று எல்லோரும் முடிவுகட்டிவிட்டார்கள். ஆனால் இத்தாலியின் வெள்ளைத் திராட்சைகளில் முதுமையை இவ்வளவு அழகாகத் தாங்குவது மிகச் சிலவே. புளிப்பு அதன் முதுகெலும்பு. அது நிமிர்ந்து நிற்கும்வரை ஒயினும் நிற்கும். அதிலும் மாத்தெலிகா என்ற ஊரின் பள்ளத்தாக்கு கடலை நோக்கித் திறக்காமல் கடற்கரைக்கு இணையாக ஓடுகிறது. கடலின் வெதுவெதுப்பு அங்கே எட்டுவதில்லை, இரவுகள் குளிர்ந்திருக்கும், அதனால் பழத்தில் புளிப்பு குறையாது.

உங்கள் பாட்டில் எந்த ஊருடையது என்று எழுதவில்லை. லேபிளில் 'ரிசெர்வா' (கூடுதல் காலம் முதிரவைத்தது) என்று இருந்தால் கவலையே வேண்டாம். இல்லாவிட்டாலும் திறந்து பார்க்காமல் கொட்டிவிடாதீர்கள். நிறம் பொன்னாக மாறியிருந்தால் அது வயதின் நிறம், குற்றமில்லை. பழுப்பேறி, வெட்டிவைத்துக் கறுத்த ஆப்பிளின் வாசமோ காடியின் நெடியோ வந்தால் போய்விட்டது என்று பொருள். அடுப்புக்கு அருகிலோ வெயில் படும் அலமாரியிலோ வைத்திருந்தீர்களானால் அந்த வாய்ப்பு அதிகம். நன்றாக இருந்தால் தேன்மெழுகும் காய்ந்த சோம்பும் கலந்தாற்போல மணக்கும், கடைசியில் அதே பாதாம் கசப்பு வரும். 12 டிகிரியில், அகன்ற கோப்பையில் குடியுங்கள். வீட்டுக்காரரின் முகவரி இருந்தால் குடித்த அன்றே அவருக்கு இரண்டு வரி எழுதிவிடுங்கள்.

கம்பானியாவின் ஃபியானோ தி அவெல்லினோவும் இப்படித்தான். நேப்பிள்ஸுக்குக் கிழக்கே, கடலை விட்டு விலகிய இர்ப்பீனியா மலைகளில் விளைகிறது. இளமையில் பூவும் பழமுமாக இருந்து, சில ஆண்டுகள் கழித்து வறுத்த ஹேசல் பருப்பும் புகையுமாக மாறும். சிசிலியில் எத்னா எரிமலையின் கிழக்குச் சரிவில் மிலோ என்றொரு ஊர் இருக்கிறது. 'எத்னா பியாங்கோ சுப்பீரியோரே' என்று லேபிளில் போட அந்த ஓர் ஊருக்கு மட்டுமே உரிமை. அங்கே விளையும் கர்ரிகாந்தே திராட்சையில் இளமையில் பல் கூசுமளவு புளிப்பு. பொறுத்திருப்பவருக்கு அது உப்புக் காற்றும் கல்லுமாகத் திரும்பக் கிடைக்கும்.

'ஆரஞ்சு ஒயின்' என்கிறார்களே, ஆரஞ்சுப் பழத்திலா செய்கிறார்கள்? (ஒரு வாசகர்)

இல்லை. வெள்ளைத் திராட்சையின் சாற்றைத் தோலோடும் கொட்டையோடும் வாரக்கணக்கில், சில இடங்களில் மாதக்கணக்கில் ஊறவிட்டால் தேயிலைச் சாறுபோல நிறம் ஏறும். கூடவே துவர்ப்பும் ஏறும். இதில் பேர்போன இடம் ஸ்லொவேனிய எல்லையோரம் உள்ள ஒஸ்லாவியா, திராட்சை ரிபோல்லா ஜால்லா. யோஸ்கோ க்ராவ்னர் என்ற விவசாயி, எஃகுக் கலனும் புதிய மரப்பீப்பாயுமாக எல்லா நவீன வழிகளையும் கற்றுத் தேர்ந்தவர், அவற்றை விட்டுவிட்டு ஜார்ஜியாவிலிருந்து பெரிய மண்தாழிகளை வரவழைத்து நிலத்தில் கழுத்துவரை புதைத்தார். 2001ஆம் ஆண்டு அறுவடையிலிருந்து அவருடைய ஒயின் அந்தத் தாழிகளில்தான் பொங்குகிறது.

தாழி என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது இறந்தவர்களை வைத்துப் புதைத்த முதுமக்கள் தாழி. அங்கே அதே வடிவப் பாண்டம் நிலத்துக்குள் உயிரோடு நொதித்துக்கொண்டிருப்பதை முதன்முதலில் அறிந்தபோது எனக்குச் சிலிர்த்தது. ஒஸ்லாவியா முதல் உலகப் போரில் தரைமட்டமான ஊர் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இதைக் குளிரவைத்துக் குடிக்காதீர்கள். 14, 15 டிகிரி வேண்டும். முதல் முறை பாதிக் கோப்பை போதும்.

மீனுக்கு வெள்ளை, இறைச்சிக்குச் சிவப்பு. இதுதானே விதி? (பலேர்மோவிலிருந்து ஒரு வாசகி)

இந்த நாட்டில் எந்த ஊர்ச் சமையலுக்கும் அந்த ஊர் ஒயின்தான் முதல் துணை. ஃப்ரியூலியில் சான் தானியேலே ஊரின் பதப்படுத்திய பன்றித்தொடை இறைச்சியை வெள்ளை ஒயினான ஃப்ரியுலானோவோடுதான் சாப்பிடுகிறார்கள். (ஃப்ரியுலானோவின் பழைய பெயர் தொக்காய். ஹங்கேரியின் தொக்காய் வேறு ஒயின் என்பதால் 2007இல் அந்தப் பெயரை விட்டுக்கொடுக்க நேர்ந்தது. அங்குள்ள முதியவர்கள் இன்னும் தொக்காய் என்றே கேட்கிறார்கள்.) மார்கேயில் முயல் வறுவலுக்கு வெர்திக்கியோ. சர்தேஞ்ஞா (சார்டினியா) தீவில் உப்பிட்டு உலர்த்திய மீன்சினைக்கு வெர்மென்தீனோ; கல்லூராவின் கருங்கல் மண்ணில் விளைந்ததில் உவர்ப்பு தெளிவாகத் தெரியும், உப்புக்கு உப்பு பொருந்திப்போகும். எருமைப்பால் மொத்சரெல்லாவுக்கு ஃபியானோ.

ஒரே எச்சரிக்கை, கூனைப்பூ (ஆர்ட்டிச்சோக்). ரோமில் கார்ச்சோஃபி என்று விதவிதமாகச் சமைப்பார்கள். அதைச் சாப்பிட்ட வாயில் எந்த ஒயினும் திரிந்த இனிப்பாகத் தெரியும். அந்தத் தட்டு முடியும்வரை நல்ல பாட்டிலைத் திறக்காமல் வையுங்கள்.

'கொந்தியேனே சொல்ஃபீத்தி' என்று எல்லா பாட்டிலிலும் இருக்கிறது. ஆபத்தானதா? (ஒரு வாசகர்)

'சல்ஃபைட் உள்ளது' என்று பொருள். அதாவது கந்தக டை ஆக்ஸைடு. ஒயின் கெடாமலிருக்கச் சேர்ப்பது. நொதிக்கும்போது தானாகவும் சிறிது உண்டாகும். லிட்டருக்கு 10 மில்லிகிராமைத் தாண்டினால் லேபிளில் எழுதியாக வேண்டும் என்பது ஐரோப்பியச் சட்டம். ஆஸ்துமா உள்ளவர்கள் சிலருக்கு இது ஒத்துக்கொள்ளாது. உங்களுக்கு அப்படி இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் தொடாதீர்கள்.

அக்கா, ஓர் உணவகத்தில் பரிமாறுபவனாகச் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது. ஒரு வாடிக்கையாளர் காவி என்ற வெள்ளை ஒயினை முகர்ந்துவிட்டு "தக்கை வாசம்" என்று திருப்பிக் கொடுத்தார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. "நல்ல ஒயினை ஏன் திரும்பக் கொண்டுவந்தாய்" என்று முதலாளி எல்லோர் முன்னாலும் திட்டினார். (ரிமினியிலிருந்து ஒரு தம்பி)

நீங்கள் செய்ததுதான் சரி, தம்பி. எனக்கும் ஒருமுறை இது நடந்தது. அன்று இரவு முழுவதும் தூங்கவில்லை.

தக்கையில் படியும் பூசணத்தால் டிசிஏ என்ற ஒரு சேர்மம் உண்டாகிறது. ஒரு லிட்டரில் சில நானோகிராம் இருந்தாலே மூக்கு கண்டுபிடித்துவிடும். மழையில் நனைந்த அட்டைப்பெட்டியை மூடிய அறையில் வைத்தால் எப்படி நாறும்? அந்த நாற்றம். சில நேரம் நாற்றம்கூடத் தெரியாது, பழ மணம் மட்டும் காணாமல் போயிருக்கும். வெள்ளை ஒயின் குளிர்ந்திருப்பதால் உடனே பிடிபடாது. கோப்பையை உள்ளங்கையில் பொத்தி இரண்டு நிமிடம் சூடேற்றி மறுபடி முகருங்கள். குறை இருந்தால் வலுக்கும், இல்லாவிட்டால் பழம் எழும்பும்.

இனி இப்படிச் செய்யுங்கள். வாதாடாமல் பாட்டிலை எடுத்துவிடுங்கள். புதியது திறந்து முதலில் நீங்கள் முகருங்கள். பழையதைக் கொட்டாமல் தக்கையைச் செருகி வைத்திருந்து, சாப்பாட்டு நேரம் முடிந்தபின் முதலாளிக்கு இரண்டையும் அடுத்தடுத்து ஊற்றிக் காட்டுங்கள். திராட்சைத் தோட்டக்காரரோ விநியோகிப்பவரோ பல நேரங்களில் அந்த பாட்டிலுக்கு மாற்று கொடுப்பார்கள். அதைக் கேட்பது முதலாளியின் வேலை.

செப்டம்பரில் வெரோனா வருகிறோம். ஒரு நாள் மட்டும் இருக்கிறது. சொவாவே போகலாமா? (பாரிஸிலிருந்து ஒரு குடும்பம்)

அவசியம் போங்கள். வெரோனாவிலிருந்து சான் பொனிஃபாச்சோவுக்கு உள்ளூர் ரயில் இருக்கிறது. அங்கிருந்து சொவாவே சில கிலோமீட்டர்தான். காரில் போவதானால் ஓட்டுபவர் சுவைக்க வேண்டாம். இத்தாலியில் ரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம் மதுதான் வரம்பு. உரிமம் எடுத்து மூன்று ஆண்டு ஆகாதவர்களுக்கு அதுவும் கிடையாது.

மதில் சூழ்ந்த ஊர், மேலே கோட்டை. கோட்டையைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாமல் அதன் பின்னால் குன்றேறும் பாதையில் அரை மணி நேரம் நடங்கள். தலைக்குமேல் பந்தலாகப் படர்ந்த கொடிகளைக் காண்பீர்கள். நீண்ட, தளர்ந்த கொத்துகள். வெயில் பட்ட பக்கம் பொன்னிறம். கர்கானேகா மெதுவாகப் பழுப்பது, அறுவடை பல தோட்டங்களில் அக்டோபர்வரை போகும். சிறந்த கொத்துகளைத் தனியே எடுத்துத் தட்டிகளில் பரப்பிக் குளிர்காலம்வரை உலர்த்துவார்கள். அதிலிருந்து வருவது ரெச்சோத்தோ என்ற இனிப்பு ஒயின். 1998இல் வெனெத்தோ மாநிலத்தின் முதல் டிஓசிஜி அதுதான். ஊருக்குள் ஒரு கோப்பை கேட்டுக் குடித்துப் பாருங்கள். அந்த இனிப்பின் முடிவிலும் கசப்பு வந்து நிற்கும்.

தோட்டத்தில் யாராவது வேலை செய்துகொண்டிருந்தால் வணக்கம் சொல்லி ஒரு பழம் கேளுங்கள். கேட்காமல் பறிக்க வேண்டாம். சாற்றை விழுங்கிய பிறகு கொட்டையைத் துப்பிவிடாமல் உள்ளங்கையில் எடுத்துப் பாருங்கள். பச்சையாக இருந்து, கடித்தால் ரப்பர்போல வளைந்து நாக்கைப் பிடித்திழுத்தால் இன்னும் நாள் இருக்கிறது. பழுப்பாகி, பல்லில் மொறுக்கென்று உடைந்து, வறுத்த பருப்பின் ருசி வந்தால் அந்தத் தோட்டத்தில் அறுவடைக் கூடைகள் ஏற்கெனவே வெளியே வந்திருக்கும்.